கொடியில்லாத கோப்

லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கி ஆன்ஃபீல்டு கால்பந்து மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். மெர்ஸி ஆற்றங்கரையில் தொடங்கும் லிவர்பூல் நகரம் எவர்ட்டன் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. பாதி வழியில் நின்று திரும்பினால் ஆற்றின் அகலம் முழுவதும் தெரியும். வானம் தெளிந்த நாளில் அதற்கு அப்பால் வேல்ஸ் மலைகளும் தெரியும். பிறகு செங்கல் வீடுகள். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில். அந்தக் கூரைகளுக்கு மேலே திடீரென்று மைதானத்தின் இரும்புச் சட்டங்கள் எழும்பி நிற்கின்றன.

நான் போனது 2024 ஏப்ரல் 11, வியாழக்கிழமை. லிவர்பூல் அணிக்கு யூரோப்பா லீக் காலிறுதியின் முதல் ஆட்டம், இத்தாலியின் அட்டலாண்டா அணியோடு. பயிற்சியாளர் யுர்கன் க்ளாப் அந்தப் பருவத்தோடு விலகுவதாக ஜனவரியிலேயே அறிவித்திருந்தார். ஊர் முழுக்க விடை கொடுக்கும் மனநிலை. சுவர்களில் அவர் முகம், கடைகளில் அவர் முகம். அன்று லிவர்பூல் தோற்கும் என்று வழியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் மாலை எப்படி இருக்கப்போகிறது என்று கேட்டால் எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கொடிகளைப் பற்றியே பேசினார்கள். அன்று இரவு, லிவர்பூல் ரசிகர்கள் கூடும் கோப் மேடையில் கொடி பறக்காது.

அடுத்த பருவத்துக்கு டிக்கெட் விலையை 2 சதவீதம் ஏற்றுவதாகக் கிளப் அறிவித்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் 2 சதவீதம் ஏறியிருந்தது. வேண்டாம் என்று ரசிகர் அமைப்புகள் கேட்டுக்கொண்டும் முடிவு மாறவில்லை. கோப் மேடையின் கொடிகளையும் பதாகைகளையும் செய்து, சுமந்து, ஏற்றி இறக்கும் ‘ஸ்பியன் கோப் 1906’ என்ற ரசிகர் குழு, அட்டலாண்டா ஆட்டத்துக்கு எதையும் கொண்டுவரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது.

சீசன் டிக்கெட் என்பது லீக்கில் சொந்த மைதானத்தில் நடக்கும் 19 ஆட்டங்களுக்கும் ஒரே இருக்கை. ஐரோப்பியப் போட்டிகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆன்ஃபீல்டில் பெரியவர்களுக்கான சாதாரண சீசன் டிக்கெட் அப்போது 700 பவுண்டிலிருந்து 900 பவுண்டு வரை போனது. 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 பவுண்டு, நம் பணத்தில் 1,500 ரூபாய்ச் சொச்சம். இவ்வளவுக்கா கொடியை மடித்துவைத்தார்கள் என்ற கேள்வியோடுதான் நானும் மேடேறினேன்.

கோப் என்பது கோலுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைச் சரிவு மேடை. கட்டியது 1906ல். அதற்குப் பெயர் வைத்தவர் உள்ளூர்ப் பத்திரிகையாளர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஸ்பியன் கோப் என்றொரு குன்று. 1900 ஜனவரியில் போயர்களிடம் ஆங்கிலேயப் படை அங்கே பெருந்தோல்வி கண்டது. செத்தவர்களில் லிவர்பூல் வட்டாரத்து லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்த இளைஞர்கள் அதிகம். அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களில் காந்தி திரட்டிய இந்தியத் தொண்டர் படையும் உண்டு. சுமார் 1,100 பேர், அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். அந்தக் காலத்து நேட்டால் கூலிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும்தான். அந்த மேடையின் கீழே நின்றபோது இந்த நினைப்பை என்னால் விலக்க முடியவில்லை. உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கும் இந்தப் பெயருக்குள் நம்மவர்கள் தோளில் தூக்கிய கட்டில்களும் இருக்கின்றன.

மைதானத்துக்கு அருகே ஊதா நிற வேன் ஒன்று நின்றிருந்தது. மேசை போட்டு, பெட்டிகளில் பருப்பு டின், பாஸ்தா, குழந்தைகளுக்கான டயப்பர், பற்பசை என்று சேகரித்துக்கொண்டிருந்தார்கள். ‘ஃபேன்ஸ் சப்போர்ட்டிங் ஃபுட்பேங்க்ஸ்’ என்ற இந்த அமைப்பை 2015ல் லிவர்பூல் ரசிகர்களும் அதே ஊரின் இன்னொரு அணியான எவர்ட்டனின் ரசிகர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். அப்போது இரண்டு அணிகளின் மைதானங்களுக்கும் நடுவே ஸ்டான்லி பூங்கா மட்டும்தான் இருந்தது. நூறாண்டுக்கு மேலான எதிரணிகள். பசிக்கு எந்த அணியின் சட்டையும் கிடையாது என்பது அவர்கள் முழக்கம். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு பையோடு வந்து, கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

மேசைக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பள்ளி உணவுக்கூடத்தில் வேலை. டிக்கெட் விலையைப் பற்றிக் கேட்டதும் கையிலிருந்த டின்னை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்தப் பெட்டிக்குப் போட வர்றவங்கள்ல சிலபேர், ரெண்டு வருஷம் கழிச்சு இதே பெட்டியிலிருந்து வாங்க வந்திருக்காங்க. சீசன் டிக்கெட்டை மட்டும் விடலை. எல்லாத்தையும் குறைச்சிட்டு அதைக் கட்டுறாங்க. புரியுதா? அதை விட்டா திரும்பக் கிடைக்காது.”

கிடைக்காது என்று அவர் சொன்னது சும்மா இல்லை. லிவர்பூலின் சீசன் டிக்கெட் காத்திருப்புப் பட்டியல் மிக நீளமானது. புதிதாகப் பெயர் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஓராண்டு பணம் கட்டாமல் விட்டால் அந்த இருக்கை போனது போனதுதான். அப்பாவுக்குப் பக்கத்தில், தெருக்காரர்களுக்குப் பக்கத்தில், முப்பது நாற்பது வருஷம் உட்கார்ந்த இடம் அது. அதனால்தான் இந்தச் சந்தையில் விலையைக் கட்டுப்படுத்த ஒன்றுமே இல்லை. விலை பிடிக்காத லிவர்பூல் ரசிகர் எவர்ட்டன் டிக்கெட் வாங்கப்போவதில்லை. அவர் விட்டுப் போனாலும் அந்த இடத்துக்குப் பின்னால் பல்லாயிரம் பேர் நிற்கிறார்கள். எவ்வளவு ஏற்றினாலும் மைதானம் நிறையும். மைதானம் நிறைவதையே விலை நியாயமானது என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் இந்த அம்மாவின் மேசைக்கு ஒரு நாள் வந்து நிற்க வேண்டும்.

அணியின் பழைய பயிற்சியாளர் பில் ஷாங்க்லியின் சிலைக்கு எதிரே, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1995ல் துறைமுகத் தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்கியபோது அதில் அவரும் ஒருவர். அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு எழுதிய பனியனை, 1997ல் கோல் அடித்துவிட்டுச் சட்டையைத் தூக்கி லிவர்பூல் ஆட்டக்காரர் ராபி ஃபௌலர் காட்டினார். அதற்காக ஃபௌலருக்கு அபராதம் விதித்தார்கள். இதை அவர் தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

“1990ல நாலு பவுண்டு தம்பி. நாலு பவுண்டுக்கு நின்னு பார்த்தோம். என் தெருவுல இருந்த பத்துப் பதினைஞ்சு பேரும் வருவோம். வேலை இல்லாதவனும் வருவான்.”

நான்கு பவுண்டுக்கு விலைவாசி உயர்வை எல்லாம் சேர்த்தாலும் இன்று 10 பவுண்டைச் சுற்றித்தான் வரும். நான் போன பருவத்தில் கோப்பில் ஒரு ஆட்டத்துக்கு 40 பவுண்டைச் சுற்றி இருந்தது. இடையில் நடந்ததை ஹில்ஸ்பரோவைத் தொடாமல் சொல்ல முடியாது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த கூட்ட நெரிசல் கடைசியில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரை வாங்கியது. பழியை முதலில் ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். விசாரித்த நீதிபதி டெய்லர், கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறிய போலீஸ்தான் முதன்மைக் காரணம் என்று எழுதினார். 1990 ஜனவரியில் வந்த அவரது இறுதி அறிக்கை, பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் மேடைகளை நீக்கி இருக்கை போடச் சொன்னது. இருக்கை இல்லாத பழைய கோப் மேடையில் மக்கள் கடைசியாக நின்றது 1994 ஏப்ரல் 30, நார்விச் அணியோடு நடந்த ஆட்டத்தில்.

அதே அறிக்கையில் டெய்லர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நின்று பார்த்தவர்களின் சட்டைப்பைக்கு எட்டும்படி மலிவான இருக்கைகளின் விலையை அமைக்க முடியும் என்றார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கை 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு என்று எடுத்துக்காட்டும் கொடுத்தார். இருக்கை போடும் பரிந்துரையை எல்லாரும் நிறைவேற்றினார்கள். விலையைப் பற்றிச் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1992ல் பிரீமியர் லீக் பிறந்தது, தொலைக்காட்சிப் பணம் கொட்டியது, டிக்கெட்டும் ஏறியது. அத்தனை உயிர்கள் போன பிறகு எழுதிய ஓர் அறிக்கையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதை என்னால் ஆறிய மனதோடு எழுத முடியவில்லை.

2016 பிப்ரவரி 6ஐப் பற்றி முதியவர் விரிவாகச் சொன்னார். புதிய பிரதான மேடையில் அதிகபட்ச டிக்கெட் 77 பவுண்டு என்றும், மிக விலை கூடிய சீசன் டிக்கெட் 1,029 பவுண்டு என்றும் கிளப் அறிவித்திருந்தது. சண்டர்லாந்தோடு ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. எழுபத்தேழாவது நிமிடத்தில் ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள்.

“ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டு என் வாழ்க்கையில எந்திரிச்சதே இல்லை. பையன்கூட வந்திருந்தேன். படியில இறங்கும்போது ரெண்டு பேரும் பேசிக்கலை. தெருவுக்கு வந்தப்புறம் உள்ளேயிருந்து சண்டர்லாந்து ஆளுங்க கத்துற சத்தம் கேட்டுது. ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு.”

ஆட்டம் 2-2 என்று முடிந்தது. க்ளாப் அன்று மைதானத்தில் இல்லை, குடல்வால் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். நான்கே நாளில் கிளப்பின் அமெரிக்க உரிமையாளர்களான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. அதிகபட்ச விலை 59 பவுண்டிலேயே நின்றது. அதே நாட்களில் ஜெர்மனியிலும் எதிர்ப்பு எழுந்தது. பிப்ரவரி 9 அன்று ஷ்டுட்கார்ட்டில் கோப்பை ஆட்டத்துக்குப் போன டார்ட்மண்ட் ரசிகர்கள், டிக்கெட் விலையைக் கண்டித்து முதல் இருபது நிமிடம் உள்ளே வராமல் நின்றார்கள். பிறகு வந்து டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள். வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு என்று பிரீமியர் லீக் அறிவித்ததும் அந்த ஆண்டில்தான். அதற்குப் பின்னால் ரசிகர்களின் பல ஆண்டுப் பிரசாரம் இருந்தது.

எனக்கு உறுப்பினர் டிக்கெட் கிடைக்க வழியில்லை. விருந்தோடு சேர்த்து விற்கும் உபசரிப்பு டிக்கெட்தான் வாங்கினேன். ஒரு சீசன் டிக்கெட்காரர் ஐந்தாறு ஆட்டங்களுக்குக் கொடுப்பது அது. என் மேசையில் நார்வேயிலிருந்து ஒரு குடும்பம், சிங்கப்பூரிலிருந்து இரண்டு நண்பர்கள். எல்லாரும் நல்லவர்கள், அணியை உயிராக நேசிக்கிறவர்கள். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் வாழ்நாளில் ஒருமுறை வருகிறோம், அருங்காட்சியகம் பார்க்கிறோம், கடையில் கழுத்துத்துண்டும் சட்டையும் பை நிறைய வாங்குகிறோம். முதியவர் கழுத்தில் இருந்த துண்டு இருபது வருஷப் பழசு. கிளப்பின் வரவு செலவில் என்னைப் போன்றவனுக்குத்தான் எடை அதிகம். இது எனக்குப் பெருமையாக இல்லை.

அணிகள் இறங்கியபோது பாட்டு எழுந்தது. கோப் பாடியது, கழுத்துத்துண்டுகளை உயர்த்தியது. ஆனால் தொலைக்காட்சியில் எத்தனையோ இரவுகள் பார்த்துப் பழகிய அந்தச் சிவப்புக் கடல் இல்லை. வெறும் மனிதத் தலைகள். மேடையின் நிறம் சாம்பலும் கறுப்புமாக, குளிர்காலச் சட்டைகளின் நிறமாக இருந்தது. என் மேசையிலிருந்த சிறுமி தன் அப்பாவிடம் கொடிகள் எங்கே என்று கேட்டாள். அவர் போனில் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். அன்று அட்டலாண்டா 3-0 என்று வென்றது. ஸ்கமாக்கா இரண்டு கோல் அடித்தார். கொடி இல்லாததால் தோற்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அணி ஆடிய லட்சணம் அப்படி.

ஆனால் ஒன்று அன்று கண்ணுக்கு முன்னால் விளங்கியது. ஆன்ஃபீல்டு என்று உலகத்துக்கு விற்கப்படும் பண்டத்தில் பாதியைச் செய்கிறவர்கள் அந்த மேடையில் இருக்கிறவர்கள். கொடி தைப்பது அவர்கள் காசு, பாட்டு அவர்கள் தொண்டை. 2025லிருந்து நான்கு பருவங்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையை மட்டும் பிரீமியர் லீக் 670 கோடி பவுண்டுக்கு விற்றிருக்கிறது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிய கொரோனா காலத்து ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தொகைக்குள் மேடையின் சத்தமும் அடக்கம் என்று தெரியும். தேர் வடம் பிடிக்கிறவர்களிடமே வடத்தைத் தொடக் கட்டணம் வாங்கி, வருஷா வருஷம் அதை ஏற்றுவதுபோல இருக்கிறது இது.

இரவு டாக்சி ஓட்டியவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் லிவர்பூல் ரசிகர்தான். “பதினஞ்சு பவுண்டுக்கு இவ்வளவு அழுகையா? ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? எண்ணெய்ப் பணம் வெச்சிருக்கிற கிளப்போட மோதணும்ல? எனக்கு அந்தச் சீட் கிடைச்சா ரெண்டு மடங்கு கொடுப்பேன்.” அவர் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. சீசன் டிக்கெட் உள்ளவர்கள் இல்லாதவர்களைவிடப் பாக்கியவான்கள்தான். மின்சாரமும் ஊழியர் ஊதியமும் ஏறியிருப்பதும் பொய்யில்லை.

ஆனால் எண்களைப் பார்க்கலாம். 2023-24 பருவத்தில் லிவர்பூலின் மொத்த வருமானம் 61.4 கோடி பவுண்டு. ஆட்ட நாள் வருமானம், என்னைப் போன்றவர்களின் விருந்து மேசையும் சேர்த்து, 10.2 கோடி. அதாவது ஆறில் ஒரு பங்கு. அந்த முழுத் தொகைக்கும் 2 சதவீதம் போட்டால்கூட 20 லட்சம் பவுண்டுதான். முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்குச் சில வாரங்களுக்குத் தரும் சம்பளம். கிளப்புக்கு அது ஒரு வரி. பள்ளி உணவுக்கூடத்து அம்மா சொன்னவர்களுக்கு அந்த 15 பவுண்டு சில நாள் மளிகை. டாக்சிக்காரர் சொன்னதில் என்னைக் கலங்க வைத்தது அவருடைய கடைசி வாக்கியம்தான். இரண்டு மடங்கு கொடுக்க ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். அதை வைத்து விலை வைக்கத் தொடங்கினால் இந்தத் தெருக்களில் பிறந்தவர்கள் யாரும் அங்கே மிஞ்சமாட்டார்கள்.

மறுநாள் காலை நான் தங்கிய விடுதிக்குப் பக்கத்துக் காபிக் கடையில் காபி போட்டுக் கொடுத்த இளைஞனுக்கு இருபது வயது. வீடு மைதானத்திலிருந்து பத்து நிமிட நடை. அவன் ஆன்ஃபீல்டுக்குள் போனது விரல்விட்டு எண்ணும் தடவைகள்தான், எல்லாம் யாராவது வரமுடியாதபோது. அவன் வயதுக்காரர்களுக்கு விலையில் சலுகை உண்டு, டிக்கெட்தான் இல்லை. கோல் விழுந்தால் முதலில் வீட்டு ஜன்னல் வழியாகச் சத்தம் வரும், பிறகுதான் போனில் காட்சி வரும் என்றான். அப்பா தலைமுறை பதினைந்து வயதில் நண்பர்களோடு வாசலில் காசு கொடுத்து உள்ளே போனது. இவனுக்கு அது கதை.

அன்று பிற்பகல் மான்செஸ்டருக்கு ரயில் பிடித்தேன். லிவர்பூல்காரர்கள் பெயரைச் சொல்லவே விரும்பாத ஊர். அங்கே மாஸ்டன் என்ற பகுதியில் பிராட்ஹர்ஸ்ட் பார்க் மைதானம் இருக்கிறது. 2005ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கி, கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியபோது, கசந்துபோன ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கே ஒரு கிளப் தொடங்கினார்கள். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. எவ்வளவு பங்கு வாங்கினாலும் ஒரு வாக்குத்தான். பத்தாண்டு மற்றவர்கள் மைதானங்களில் வாடகைக்கு ஆடிவிட்டு, சமூகப் பங்குகள் விற்றுத் திரட்டிய பணமும் சேர்த்து 2015ல் இந்த மைதானத்தைத் திறந்தார்கள்.

ஆட்டம் இல்லாத நாள். வேலி ஓரத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். இங்கே சீசன் டிக்கெட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு. அதற்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்பதை அவரவரே முடிவு செய்கிறார்கள். வசதி இருப்பவர் கூடுதலாகக் கொடுக்கிறார், வேலை போனவர் குறைந்தபட்சத்தைக் கட்டுகிறார், பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. அப்போது அவர்கள் ஆடியது ஏழாம் நிலை லீக்கில்தான்.

பழைய கிளப்பை விட்டு வந்தது வலிக்கவில்லையா என்று கேட்டேன். பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே சொன்னார்: “என் அண்ணன் இன்னும் ஓல்ட் டிராஃபோர்டுக்குத்தான் போறான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல இதைப் பத்திப் பேசறதில்லைன்னு அம்மா சட்டம் போட்டுட்டாங்க.” வெளியேறுவது எல்லாருக்கும் முடிகிற காரியமில்லை என்பதை அவரே முதலில் சொன்னார். உள்ளேயே இருந்து விலையை எதிர்க்கிறவர்களை அவர் குறைவாகப் பேசவில்லை.

நான் திரும்பி வந்த பிறகு அதே ஆண்டு இறுதியில் அந்தப் பழைய கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் நிலைமை இன்னும் மோசமானது. பருவத்தின் நடுவிலேயே, மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் 66 பவுண்டு என்று மான்செஸ்டர் யுனைடெட் அறிவித்தது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை கிடையாது. அதுவரை குழந்தைகளுக்கு 25 பவுண்டில் கிடைத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் முதல் நாள் எவர்ட்டன் ஆட்டத்துக்கு முன்னால் ரசிகர்கள் வாசலில் திரண்டார்கள்.

லிவர்பூலில் 2025 மார்ச்சில் கிளப் அடுத்த பருவத்துக்கு விலையை ஏற்றவில்லை என்று அறிவித்தது. செய்தி பார்த்ததும் துறைமுகத்து முதியவருக்கு எழுதிக் கேட்டேன். அவருக்குப் பதிலாக அவர் மகன் எழுதினார். அப்பாவுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் கொண்டாட ஒன்றுமில்லை என்கிறார், இது ஓராண்டுக்கு மட்டும்தானே, அடுத்த மார்ச்சில் மறுபடி கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று. பேரனுக்குப் பதினாறு முடிகிறதாம். அவன் பெயரில் ஒரு சீசன் டிக்கெட் எப்படி வாங்குவது என்பதற்கு வீட்டில் யாரிடமும் இன்னும் பதில் இல்லை.